முன்பக்க போர்ட்டும் கடைமடை வயலும்

பென் டிரைவ் வேலை செய்யலைன்னு யார்கிட்ட சொன்னாலும் முதல்ல வர்ற பதில் "பின்னாடி குத்திப் பாரு". அதுவும் சரிவரலைன்னா ரெண்டாவது வைத்தியம்: "ஆஃப் பண்ணி, ப்ளக்கைப் பிடுங்கிட்டு, அஞ்சு நிமிஷம் கழிச்சுப் போடு". இந்த ரெண்டும் பாட்டி வைத்தியம் மாதிரி, காரணம் தெரியாமலே பலிச்சுக்கிட்டு இருக்கு. ஏன் பலிக்குதுன்னு தோண்டிக்கிட்டே போனா 1990களின் அமெரிக்காவில் ஆரம்பிச்சு எங்க ஐயங்கார்குளம் கரண்ட் கம்பம் வரைக்கும் வந்து நிக்குது கதை. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கங்க.

1990களின் தொடக்கத்தில் கம்ப்யூட்டர் வாங்கினவங்களுக்குத் தெரியும். கீபோர்டுக்கு ஒரு துளை, மவுஸுக்கு ஒண்ணு, பிரிண்டருக்கு 25 ஊசி போட்ட பெரிய கனெக்டர், ஒவ்வொண்ணையும் மாட்டினதும் ரீஸ்டார்ட். இன்டெல்லில் வேலை பார்த்த அஜய் பட் (பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் படிச்சவர்) தன் வீட்டிலேயே ஒரு பிரிண்டரோடு குடும்பத்தார் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் இதுக்கு ஒரு வழி பண்ணணும்னு நினைச்சதா பேட்டிகளில் சொல்லியிருக்கார். இன்டெல், மைக்ரோசாப்ட், ஐ.பி.எம்., காம்பேக், டெக், என்.இ.சி., நார்டெல் என்று 7 கம்பெனிகள் கூடி உட்கார்ந்து, 1996 ஜனவரியில் யூ.எஸ்.பி. 1.0 வெளியாச்சு. 2009-ல் இன்டெல் ஒரு விளம்பரத்தில் அவரை ராக் ஸ்டார் மாதிரி காட்டினாங்களே, அதில் நடிச்சது அவரில்லை, வேற ஒரு நடிகர். அதை இன்னமும் அவர்னே நினைச்சுக்கிட்டு இருக்கறவங்க நிறைய :-)

தகவலோடு மின்சாரத்தையும் ஒரே ஒயரில் அனுப்பினதுதான் இதில் பெரிய விஷயம். எவ்வளவு மின்சாரம்? 5 வோல்ட். 1960களின் டி.டி.எல். சிப்புகள் காலத்திலிருந்து கம்ப்யூட்டருக்குள்ள ஓடிக்கிட்டிருந்த அதே 5 வோல்ட். மாட்டின உடனே ஒரு கருவி 100 மில்லி ஆம்பியர் வரைக்கும்தான் எடுக்கலாம். அதுக்கப்புறம் "எனக்கு இவ்வளவு வேணும்"னு கேட்டு, கம்ப்யூட்டர் சரின்னு சொன்னா 500 மில்லி ஆம்பியர் வரைக்கும். மொத்தம் இரண்டரை வாட். மவுஸுக்கும் கீபோர்டுக்கும் இது தாராளம். பிளக்கின் வாயைக் கவனிச்சுப் பாருங்க, 4 தகடுகளில் ஓரத்து ரெண்டும் கொஞ்சம் நீளமா இருக்கும். மின்சாரம் முதல்ல சேரணும், தகவல் அப்புறம்தான் பேசணும்னு அப்படிச் செஞ்சிருக்காங்க. ரொம்ப யோசிச்ச வேலை.

ஆனா இந்த ஏற்பாடு முழுக்க மரியாதையில்தான் ஓடுது. மாட்டுற கருவி கேட்டு வாங்கணும்ங்கிறது விதி. கேட்காம இழுத்தா? 1998 ஏப்ரல் 20, சிகாகோவில் காம்டெக்ஸ் கண்காட்சி. பில் கேட்ஸ் பக்கத்தில் நிக்க, கிறிஸ் கபோசெலா என்பவர் விண்டோஸ் 98-ஐக் காட்டிக்கிட்டே ஒரு ஸ்கேனரை யூ.எஸ்.பி.-யில் சொருக, நீலத்திரை! அரங்கமே சிரிச்சது. பல வருஷம் கழிச்சு மைக்ரோசாப்டின் ரேமண்ட் சென் சொன்ன விளக்கம்: அந்த ஸ்கேனர் விதியில் சொன்னதைவிட அதிகமா மின்சாரம் இழுத்திருக்கு. அதாவது, உலகத்திலேயே அதிகம் பேர் பார்த்த யூ.எஸ்.பி. கோளாறும் ஒரு பவர் கோளாறுதான். சாப்ட்வேர்காரங்க தலையில் மட்டும் பழியைப் போடாதீங்க (நானும் அந்த ஜாதிதான், அதனால சொல்றேன்).

இப்ப அந்த ரெண்டாவது வைத்தியத்துக்கு வருவோம். ஒருத்தன் அளவுக்கு மீறி இழுத்தா மதர்போர்டு கருகிடாம இருக்க, பல போர்டுகளில் யூ.எஸ்.பி. பக்கத்தில் பாலிஃப்யூஸ்னு ஒரு சின்ன சாமான் வச்சிருக்காங்க. சாதா ஃப்யூஸ் மாதிரி இது அறுந்து போகாது. சூடானா தடை பல மடங்கு ஏறி மின்சாரத்தை நிறுத்திடும், ஆறினா பழையபடி விட்டுடும். ஆனா ஆற விடணுமே! டெஸ்க்டாப்பை ஷட்டவுன் பண்ணினாலும் எஸ்.எம்.பி.எஸ்.-லிருந்து 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரம் வந்துக்கிட்டேதான் இருக்கும். (கம்ப்யூட்டரை அணைச்ச பிறகும் மவுஸில் சிவப்பு விளக்கு எரியுதே, அது இதுதான். 1995-ல் இன்டெல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ். அமைப்போட வேலை.) அதனால்தான் ப்ளக்கையே பிடுங்கணும், அஞ்சு நிமிஷம் காத்திருக்கணும். பாட்டி வைத்தியத்துக்குப் பின்னாடி நல்ல விஞ்ஞானம் இருக்கு.

முதல் வைத்தியம் இன்னும் சுவாரசியம். எங்க ஊர்க்காரனுக்கு இதைப் புரிய வைக்க ஒரே வார்த்தை போதும்: கடைமடை.

ஐயங்கார்குளம் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், பாலாற்றை ஒட்டின ஊர். சஞ்சீவராயர் கோயில், அதன் பெரிய குளம், சித்ரா பௌர்ணமிக்கு வரதராஜப் பெருமாள் வந்து இறங்குற நடவாவிக் கிணறு. இதெல்லாம் விஜயநகர காலத்து லட்சுமிகுமார தாத்தாச்சாரியார் பேரோடு சேர்த்துப் பேசப்படுறது. குளமும் ஏரியுமா வாழ்ந்த பக்கம் இது. மதகுக்குப் பக்கத்து வயலுக்குத் தண்ணி பாயும். வாய்க்கால் நீள நீள, குறுகக் குறுக, கடைசி வயலுக்குக் கசிவுதான். பின்பக்க போர்ட் மதர்போர்டிலேயே பற்றவைச்சது, மதகடி வயல். முன்பக்க போர்ட் ஒரு மெல்லிசான ஒயர் வழியா, ஊசிகள்ல சொருகின இணைப்பு வழியா வர்றது, கடைமடை. போர்ட்டில் 4.75 வோல்ட்டுக்குக் குறையக் கூடாதுன்னு விதி. மெல்லிய ஒயரில் அரை ஆம்பியர் ஓடும்போது அது எங்க நிக்கும்? மவுஸ் ஓடும், பென் டிரைவ் சில சமயம் ஓடும், வெளி ஹார்ட் டிஸ்க் 'டிக் டிக்'னு அடிச்சுக்கிட்டு நிக்கும், சுழல ஆரம்பிக்கும்போதுதான் அதுக்கு அதிக மின்சாரம் தேவைங்கிறதால. இதுக்காகவே ரெண்டு தலை வச்ச ஒயர் ஒண்ணு கடைகளில் கிடைச்சது. விதிப்படி அது கூடாது. ஆனா ஊரே வாங்குச்சு.

ரிச்சி தெருவில் பாகம் பாகமா வாங்கி அசெம்பிள் பண்ணின காலத்தில் இன்னொரு ஆபத்தும் இருந்தது. முன்பக்க ஒயர் சில கேபினெட்டுகளில் ஒரே கனெக்டரா வராது, ஒவ்வொரு கம்பியும் தனித்தனியா வரும். பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறினா அங்க சொருகுற ஒவ்வொரு பென் டிரைவும் பலி.

கடைமடை கேபினெட்டுக்குள்ள மட்டுமா இருக்கு? தெருவிலும் இருக்கு. டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்து வீட்டில் 230 வோல்ட். லைன் முடியுற வீட்டில், அதுவும் சாயங்காலம் மோட்டார் ஓடும்போது, டியூப்லைட் கண்ணடிக்கும். எங்க வீடு லைன் முடியுற பக்கம். 2008 நவம்பரில் தமிழ்நாட்டில் மின் கட்டுப்பாடு அமலாகி, 2012-ல் கிராமங்களில் பாதி நாள் கரண்டே இல்லாத நிலைமைக்குப் போனது நினைவிருக்கும். நான் அப்ப ஸ்கூல். ஸ்டெபிலைசர் 'டக் டக்'னு அடிச்சுக்கிட்டே இருக்கும். எஸ்.எம்.பி.எஸ். கரண்ட் இல்லாம ரொம்ப நேரம் தாங்காது, உடனே ரீஸ்டார்ட். 2011-ல் தொடங்கின அரசு இலவச லேப்டாப் திட்டத்தைப் பத்தி ஆயிரம் விமர்சனம் வந்தது. அந்தப் பெட்டிக்குள்ளயே ஒரு பேட்டரி இருந்ததை யாரும் பெருசா பேசலை. கடைமடை வீட்டுப் பிள்ளைக்கு அந்த பேட்டரிதான் யூ.பி.எஸ்.

அதுக்குச் சில வருஷம் முன்னாடி டெஸ்க்டாப்புகளுக்கு ஒரு கொள்ளை நோயும் வந்து போச்சு. 2000களின் முதல் பாதியில் தயாரான மதர்போர்டுகளில் கெபாசிட்டர்கள் தலை வீங்கி, வெடிச்சு, கசிஞ்சு செத்தன. மோசமான எலக்ட்ரோலைட் காரணம். டெல் கம்பெனி மட்டுமே 2005-ல் இதுக்காக 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டியிருந்தது. பழைய டெஸ்க்டாப்பில் யூ.எஸ்.பி. விட்டு விட்டு வேலை செஞ்சா, டிரைவரைத் தேடுறதுக்கு முன்னாடி மூடியைத் திறந்து அந்த உருளைகளின் தலை தட்டையா இருக்கான்னு பார்க்கறது உத்தமம்.

500 மில்லி ஆம்பியர் கதையை மாத்தினது செல்போன். 2006 கடைசியில் சீனா யூ.எஸ்.பி. சார்ஜரைப் பொது விதியாக்க, அடுத்த வருஷமே யூ.எஸ்.பி. அமைப்பும் சார்ஜ் பண்றதுக்குன்னு தனி விதி எழுதிச்சு. இப்ப 240 வாட் வரைக்கும் போயாச்சு, பழசைப் போல கிட்டத்தட்ட 100 மடங்கு. இதில் எங்க மாவட்டத்துக்கும் பங்கு உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் ஓடத் தொடங்கின நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வேலை போச்சு. 2019-ல் அந்த ஆலையை வாங்க முன்வந்த சால்காம்ப் என்ன தயாரிக்கிற கம்பெனி தெரியுமா? சார்ஜர்!

கடைசியா எர்த். கேபினெட்டைத் தொட்டா 'சுர்'னு இழுக்குதா? எஸ்.எம்.பி.எஸ்.-க்குள்ள லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் ரெண்டு சின்ன கெபாசிட்டர் உடம்புக்குப் போகுது. எர்த் இல்லைன்னா உடம்பு பாதி வோல்டேஜில், 115-ல் மிதக்கும். மூணாவது பின்னை உடைச்சுட்டு ரெண்டு பின் சாக்கெட்டில் சொருகின வீடுகளில் இது சகஜம். மின்னல் நேரத்தில் டெலிபோன் லைன் வழியா மோடத்துக்கு வந்த அதிர்ச்சி, யூ.எஸ்.பி. ஒயரில் ஏறி மதர்போர்டு வரைக்கும் போன கதைகள் ஊருக்கு நாலு கிடைக்கும். விதி எழுதினவங்க எல்லா வீட்டிலும் மூணாவது பின் ஒழுங்கா இருக்கும்னு நம்பித்தான் எழுதியிருக்காங்க. வெயில் காலத்தில் மண் காஞ்சா எர்த்தும் பலவீனமாகும். உப்பும் கரியும் போட்ட எங்க வீட்டு எர்த் குழியில் அப்பா இப்பவும் சித்திரை வைகாசியில் வாரத்துக்கு ஒரு குடம் தண்ணி ஊத்துவார்.