எண்ணூறு ஆண்டு மண்



யோவான் சுவிசேஷத்தின் 15-ஆம் அதிகாரத்தை நீங்கள் பலமுறை தியானித்திருப்பீர்கள். கொடியையும் கனியையும் யோசிக்கிற நாம், செடி வேரூன்றி நிற்கும் மண்ணை அதிகம் யோசிப்பதில்லை. இவ்வாரம் ஒரு மண்ணின் சரித்திரத்தைக் கேளுங்கள். மதுபானத்தைப் புகழ நான் இதை எழுதவில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள்.

பிரான்சு தேசத்தில் ஆன்ஜே நகருக்கு அருகே, லுவார் நதியின் வடகரையில், சவென்னியேர் என்னும் சிற்றூர் உண்டு. அங்கே ஒரு குன்றுச் சரிவில் 1130-ஆம் ஆண்டில் சிஸ்தெர்சியன் துறவிகள் திராட்சச்செடிகளை நட்டார்கள். 1098-இல் சீத்தோ என்னும் இடத்தில் தோன்றிய அச்சபையார், ஜெபத்தோடு கையுழைப்பையும் கடமையாகக் கொண்டவர்கள். கூலே த செரான் என்று பெயர்பெற்ற அந்நிலம் இன்றும் திராட்சத்தோட்டமாகவே இருக்கிறது. பரப்பு ஏறக்குறைய 7 ஹெக்டேர்தான்.

1962-இல் ஜோலி குடும்பத்தார் அதை வாங்கினார்கள். அவர்கள் மகன் நிக்கோலா, நியூயார்க்கிலும் லண்டனிலும் வங்கிப்பணி செய்தவர். 1970-களின் பிற்பகுதியில் அவர் வீடு திரும்பியிருந்தபோது வேளாண் ஆலோசகர் ஒருவர் வந்து, களைக்கொல்லி தெளித்தால் செலவு மிச்சமாகும் என்றார். கணக்கு அறிந்த மனிதருக்கு அது நியாயமாகவே பட்டது. தெளித்தார். இரண்டே ஆண்டுகளில் மண்ணின் நிறம் மாறிற்று, பூச்சியினங்கள் மறைந்தன. களையைக் கொல்ல வந்த மருந்து களையோடு நின்றுவிடவில்லை. துறவிகள் காலமுதல் எத்தனையோ தலைமுறையின் கைகள் காத்துவந்ததை, இரண்டு வருஷச் சிக்கனம் குலைக்கத் தொடங்கிற்று.

வேறு வழி தேடிய அவர் உயிராற்றல் வேளாண்மையைக் குறித்து வாசித்தார். ருடால்ஃப் ஸ்டெய்னர் 1924-இல் கோபர்விட்ஸ் என்னும் ஊரில் ஆற்றிய சொற்பொழிவுகளில் பிறந்த முறை அது. பசுவின் கொம்பில் சாணத்தை நிரப்பிக் குளிர்காலம் முழுவதும் மண்ணில் புதைப்பார்கள். பின்பு தோண்டியெடுத்து, அதில் சிறிதளவைத் தண்ணீரில் இட்டு, ஒரு மணி நேரம் இடமும் வலமுமாய் மாறிமாறிச் சுழற்றிக் கலக்கி நிலத்தில் தெளிப்பார்கள். 1980-இல் சோதனையாக ஆரம்பித்து, 1984-இல் தோட்டம் முழுவதையும் அம்முறைக்குக் கொண்டுவந்தார் ஜோலி.

ஸ்டெய்னர் போதித்த விண்ணுலகச் சக்திகளை நீங்கள் நம்பவேண்டியதில்லை; நானும் நம்புகிறதில்லை. கோள்களைப் பார்த்து நாள் குறிப்பது நமக்கு அடுத்ததல்ல. கொம்பின் வல்லமையை விஞ்ஞானமும் மெய்ப்பித்ததில்லை. ஆயினும் நஞ்சை நிறுத்தியதும், மட்கிய எருவை இட்டதும், செங்குத்தான சரிவில் குதிரை பூட்டி உழுததும் கோள்களின் காரியமல்ல. அவை விவசாயியின் பொறுமை. மண் அதை அறியும்.

அங்கே ஷெனின் பிளாங்க் என்னும் வெள்ளைத் திராட்சையை ஒரே நாளில் அறுத்து முடிப்பதில்லை. பழுத்ததை மட்டும் பறித்து, மற்றதற்காகக் காத்திருந்து, பலமுறை திரும்பிவருவார்கள். பிழிந்த ரசத்தில் விலைக்கு வாங்கிய ஈஸ்ட்டைச் சேர்ப்பதுமில்லை. தோட்டத்திலிருந்து பழத்தோடு வந்த ஈஸ்ட்டே அதைத் திராட்சரசமாக்குகிறது. நிலம் செத்திருந்தால் அதுவும் வந்திராது என்பது ஜோலியின் வாதம். அவர் மகள் விர்ஜினி இப்போது அத்தோட்டத்தைப் பராமரிக்கிறார்.