குளம்போசை – 14: முன்வாசல் மறுக்கப்பட்ட ஜாக்கி

1961-ம் ஆண்டு. அமெரிக்காவின் லூயிவில் நகரில் உள்ள பிரௌன் ஹோட்டலில், கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயத்தை ஒட்டி ஒரு விருந்து. எண்பதை நெருங்கிய கறுப்பினப் பெரியவர் ஒருவர், அழைப்பின் பேரில் மகளுடன் வந்து நின்றார். முன்வாசலிலேயே மறித்துவிட்டார்கள். கறுப்பர்கள் அந்த வழியாகப் போகக் கூடாதாம். நாங்கள் விருந்துக்கு அழைக்கப்பட்டவர்கள் என்று அப்பாவும் மகளும் நெடுநேரம் எடுத்துச் சொன்ன பிறகுதான் வழி கிடைத்தது.

அந்தப் பெரியவர் ஜிம்மி விங்க்ஃபீல்ட். 1901, 1902 என அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் அதே டெர்பியை ஜாக்கியாக, அதாவது பந்தயக் குதிரையோட்டியாக, வென்றவர்.

கறுப்பின ஜாக்கிகளின் திறமைக்கு வேர் அடிமைக் காலத்தில் இருக்கிறது. தென் மாநிலப் பண்ணைகளில் பந்தயக் குதிரைகளின் முதலாளிகள் வெள்ளையர்கள். லாயத்தில் அவற்றோடு படுத்து எழுந்து, எது எப்போது முரண்டு பிடிக்கும், எது கடைசிக் கால் மைலில் மூச்சைத் திரட்டும் என்று அறிந்து வைத்திருந்தவர்கள் அடிமைகள். 1865-ல் அடிமைமுறை ஒழிந்த பிறகும் அந்தத் தொழில் அவர்கள் கையிலேயே இருந்தது. 1875-ல் நடந்த முதல் கென்டக்கி டெர்பியில் ஓடிய 15 ஜாக்கிகளில் 13 பேர் கறுப்பினத்தவர். வென்ற குதிரை அரிஸ்டைடிஸ். அதில் சவாரி செய்தவர் ஆலிவர் லூயிஸ். அதைப் பழக்கிய ஆன்செல் வில்லியம்சன் அடிமையாகப் பிறந்தவர். இன்னொரு கறுப்பின ஜாக்கியான ஐசக் மர்ஃபி மூன்று முறை டெர்பியை வென்றார். முதல் 28 டெர்பிகளில் 15 வெற்றி கறுப்பின ஜாக்கிகளுடையது.

அப்படிப்பட்டவர்கள் எங்கே போனார்கள்? திறமை வற்றிவிடவில்லை. பந்தயத்தில் பணமும் பேரும் பெருகின, விரட்டல் தொடங்கியது. ஓட்டத்தின் நடுவே வெள்ளை ஜாக்கிகள் இருபுறமும் நெருக்கி, கறுப்பினத்தவர் ஏறிய குதிரையை உள்வேலியோடு சேர்த்து அழுத்தினார்கள். சவுக்கு, குதிரையை விட்டு ஆள் மேல் விழுந்தது. அடிபட்டு வரும் குதிரையை எந்த முதலாளி விரும்புவார்? கறுப்பினத்தவருக்குச் சவாரி தருவதையே நிறுத்திக்கொண்டார்கள். சட்டம் போட்டு வெளியேற்றியிருந்தால் வழக்காவது போட்டிருக்கலாம். இதற்கு எந்த நீதிமன்றத்துக்குப் போவது?

விங்க்ஃபீல்ட் ஒரு ஏழைக் குடும்பத்தின் பதினேழு பிள்ளைகளில் கடைக்குட்டி. 1903-ல் மூன்றாவது டெர்பியைக் கைக்கெட்டும் தூரத்தில் தவறவிட்டு இரண்டாவதாக வந்தார். அதே ஆண்டு, கூடுதல் பணம் கிடைக்கிறது என்று ஒப்பந்தத்தை மீறி வேறொருவரின் குதிரையில் ஏறி, செல்வாக்குள்ள முதலாளி ஒருவரின் பகையைச் சம்பாதித்தார். அது அவர் செய்த பிழைதான். ஆனால் அந்தப் பிழையைப் பொறுத்துக்கொள்ளும் இடம், அவர் நிறத்தில் இருந்தவர்களுக்கு அன்று இல்லை.

கப்பலேறி ரஷ்யா போனார். ஜார் ஆட்சியின் பந்தயத் திடல்கள் அவரைக் கொண்டாடின. பெரும் பந்தயங்களை வென்றார், செல்வந்தரானார். புரட்சி வந்தது, எல்லாம் தலைகீழானது. 1919-ல் ஒடெஸாவிலிருந்து போலந்துக்கு, 200-க்கும் மேற்பட்ட உயர்சாதிக் குதிரைகளை ஒரு கூட்டம் ஓட்டிச் சென்றது. அந்தக் கூட்டத்தில் விங்க்ஃபீல்டும் ஒருவர். போர் கிழித்துப்போட்ட நாடுகளின் ஊடாக, மலைகளைக் கடந்து, ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர். பசி தாங்காமல் வழியில் சில குதிரைகளையே கொன்று தின்றார்கள். வாழ்நாள் முழுக்கக் குதிரைகளை நேசித்தவருக்கு அந்தக் கவளம் எப்படி இறங்கியிருக்கும்! பெரும்பாலான குதிரைகள் வார்சா போய்ச் சேர்ந்தன.

அங்கிருந்து பிரான்ஸ். நாற்பது வயதிலும் வென்றார். 1930-ல் சவாரியை விட்டுப் பயிற்சியாளரானார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் படை வந்து லாயத்தைப் பறித்துக்கொள்ள, தாய்நாடு திரும்பினார். டெர்பி வீரருக்கு அங்கே கிடைத்தது சாலை போடும் கூலி வேலை. பிறகு பிறர் குதிரைகளைப் பராமரிக்கும் வேலை. போருக்குப் பின் மீண்டும் பிரான்ஸ் போய்விட்டார்.

ஹோட்டல் வாசலில் அவரை மறித்தது அதற்கும் பிறகுதான்.

1974-ல் பிரான்ஸின் மெய்ஸோன்-லாஃபித் ஊரில் அவர் இறந்தார். அமெரிக்கப் பந்தய உலகம் தன் புகழ்க் கூடத்தில் அவர் பெயரைச் சேர்த்தது 2004-ல். 1921-க்குப் பிறகு 2000 வரை அமெரிக்கக் கறுப்பின ஜாக்கி ஒருவர்கூடக் கென்டக்கி டெர்பியில் சவாரி செய்யவில்லை. 1902-ல் விங்க்ஃபீல்ட் பெற்ற வெற்றிதான், அந்தப் பந்தயத்தில் ஒரு கறுப்பின ஜாக்கி பெற்ற கடைசி வெற்றி.