தன்னியக்க ஆயுதங்கள்: கட்டுப்பாட்டின் வரலாறு

ஏவியபின் மனிதத் தலையீடு இல்லாமல் இலக்கைத் தானே தேடி, தானே தேர்ந்து, தானே தாக்கும் போர்க்கருவியே தன்னியக்க ஆயுதம். எல்லா ட்ரோன்களும் இந்த வகையில் சேரா. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் ஓர் அறையில் உட்கார்ந்து திரையைப் பார்த்து ஒருவர் பொத்தானை அழுத்தினால், சுடும் முடிவு அவருடையது. பின்னாளில் கேள்வி கேட்கவும் ஆள் உண்டு. அந்த முடிவு சென்சாருக்கும் மென்பொருளுக்கும் கைமாறும்போதுதான் சிக்கல் பிறக்கிறது.

கணினி வருவதற்கு நெடுங்காலம் முன்பே கடலில் இந்தக் கைமாற்றம் நடந்துவிட்டது. 1904–05 ரஷ்ய–ஜப்பானியப் போரில் இரு தரப்பும் மஞ்சள் கடலில் கண்ணிவெடிகளை இட்டன. 1904 ஏப்ரல் 13 அன்று போர்ட் ஆர்தர் துறைமுகத்துக்கு வெளியே, ரஷ்யாவின் பெட்ரோபாவ்லோவ்ஸ்க் போர்க்கப்பல் கண்ணியில் மோதி, கடற்படைத் தளபதி மகரோவோடு மூழ்கியது. போர் ஓய்ந்த பிறகும் நங்கூரம் அறுந்த கண்ணிகள் அலையில் மிதந்துகொண்டே இருந்தன. அந்தப் போரில் எந்தப் பக்கமும் நிற்காத சீன மீனவர்களும் படகோட்டிகளும் அவற்றுக்குப் பலியானார்கள். 1907 ஹேக் மாநாட்டில் சீனப் பிரதிநிதிகள் இந்தச் சாவுகளை எடுத்துச் சொன்னார்கள். அங்கே எழுதப்பட்ட எட்டாவது ஒப்பந்தம் ஓர் எல்லை வகுத்தது: நங்கூரமிடாத கண்ணி, இட்டவரின் கட்டுப்பாட்டை விட்டு விலகியபின் அதிகபட்சம் ஒரு மணி நேரத்தில் செயலிழந்துவிட வேண்டும், நங்கூரமிட்டது அறுந்தால் உடனே செயலிழக்க வேண்டும். மனிதர் கையை விட்டுப் போன ஆயுதத்துக்குக் காலக்கெடு விதித்த அந்த வாசகம், இன்றைய பல தீர்மானங்களைவிடத் தெளிவானது.

நிலத்தில் புதைத்த கண்ணிவெடிக்கு அத்தகைய கெடு நெடுங்காலம் விதிக்கப்படவில்லை. மிதித்தது படைவீரர் காலா, விறகு பொறுக்கப் போன சிறுமியின் காலா என்று அதற்குப் பிரித்தறியத் தெரியாது. ஆட்கொல்லிக் கண்ணிவெடிகளை முற்றாகத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கை 1997இல்தான் உருவானது. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இந்தியா அதில் சேரவில்லை. வடக்கிலும் கிழக்கிலும் வயலும் வீட்டுமனையும் கண்ணிவெடிக் காடாகிப் போன இலங்கை, 2017இல் இணைந்தது.

கணினி போர்க்கப்பலுக்குள் வந்ததும் கேள்வி வேறு வடிவம் எடுத்தது. 1980களில் அமெரிக்கக் கப்பல்களில் பொருத்தப்பட்ட ஃபாலங்ஸ் பீரங்கி, பாய்ந்து வரும் ஏவுகணையை ராடாரில் பிடித்துத் தானே சுட்டு வீழ்த்த வல்லது. மனிதர் யோசிப்பதற்குள் ஏவுகணை வந்துவிடும் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். அதில் உண்மையும் உண்டு. 1987 மே 17 அன்று பாரசீக வளைகுடாவில் அமெரிக்காவின் ஸ்டார்க் கப்பலை ஈராக் விமானம் ஏவிய இரண்டு எக்ஸோசெட் ஏவுகணைகள் தாக்கின. 37 மாலுமிகள் இறந்தனர். கப்பலில் ஃபாலங்ஸ் இருந்தும், தானாகச் சுடும் நிலையில் வைக்கப்பட்டிருக்கவில்லை.

அடுத்த ஆண்டு அதே வளைகுடாவில் நேர்மாறான கொடுமை நடந்தது. 1988 ஜூலை 3 காலை, பந்தர் அப்பாஸிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய ஈரான் ஏர் 655 விமானத்தை, கிளம்பிய ஏழாவது நிமிடம் அமெரிக்காவின் வின்சென்ஸ் போர்க்கப்பல் சுட்டு வீழ்த்தியது. 66 குழந்தைகள் உட்பட 290 பேரும் மாண்டனர். அன்றைய காலத்தின் மிக நவீன ஏஜிஸ் வான்பாதுகாப்புக் கட்டமைப்பு அந்தக் கப்பலில் இருந்தது. விமானம் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது என்றுதான் அதன் பதிவு காட்டியது. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களோ, போர் விமானம் ஒன்று தங்களை நோக்கி இறங்கி வருவதாகக் கூவினார்கள். சரியான தகவல் கண்முன்னே இருந்தது. பதற்றத்தில் அதை யாரும் படிக்கவில்லை. ஆணையிட்டது மனிதர்தான். ஆனால் மனிதர் ஒருவர் இருப்பதும் மனிதர் தீர்மானிப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று தேவையில்லை.

2003 ஈராக் போரில் அமெரிக்காவின் பேட்ரியாட் வான்பாதுகாப்பு ஏவுகணைகள் இதையே மறுபடி காட்டின. மார்ச் 23 அன்று தளம் திரும்பிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் டொர்னாடோ விமானத்தை, ராடாரைத் தாக்க வரும் ஏவுகணை என்று கணினி வகைப்படுத்தியது. குழுவினர் அதை நம்பிச் சுட, சொந்தக் கூட்டணியின் விமானப்படையினர் இருவர் இறந்தனர். பத்து நாள் கழித்து அமெரிக்காவின் போர் விமானம் ஒன்றும் இப்படியே வீழ்ந்தது.

1983 செப்டம்பர் 26 அன்று சோவியத் ராணுவ அதிகாரி ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ் எடுத்த முடிவை இவற்றுக்கு எதிரே வைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்கா ஐந்து ஏவுகணைகளை ஏவிவிட்டதாகச் செயற்கைக்கோள் எச்சரித்தது. உண்மையான போர் ஐந்தோடு தொடங்காது, தரையிலுள்ள ராடார் எதையும் உறுதிசெய்யவில்லை, கட்டமைப்பும் புதிது என்று எண்ணிய அவர், பொய் எச்சரிக்கை என்று மேலிடத்துக்குச் சொன்னார். மேகங்களின்மேல் பட்டுத் தெறித்த சூரிய ஒளியை உணர்கருவி ஏவுகணையாகக் காட்டியிருந்தது. பெத்ரோவிடம் இருந்தவை மூன்று: ஒத்துப்பார்க்க இன்னொரு தகவல், சில நிமிட அவகாசம், கருவியைச் சந்தேகிக்கும் துணிவு. மனிதக் கட்டுப்பாடு என்று பேசும்போது இந்த மூன்றையும்தான் கேட்க வேண்டும்.

அறிவுலகில் இந்த விவாதம் 2007 வாக்கில் சூடுபிடித்தது. தன்னியக்க ஆயுதம் போர்க்குற்றம் செய்தால் பொறுப்பு நிரலாளருக்கா, தளபதிக்கா, இயந்திரத்துக்கா, எவரையும் நியாயமாகத் தண்டிக்க முடியாதே என்று ஆஸ்திரேலியத் தத்துவவியலாளர் ராபர்ட் ஸ்பாரோ கேட்டார். பயமும் வெறியும் பழிவாங்கும் எண்ணமும் இல்லாத இயந்திரம், போர்ச் சட்டத்தை மனிதரைவிட ஒழுங்காகக் கடைப்பிடிக்கக்கூடும் என்று அமெரிக்க ரோபோவியலாளர் ரொனால்ட் ஆர்க்கின் வாதிட்டார். ஆர்க்கினின் வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் சரணடையக் கை தூக்குபவரையும், துப்பாக்கியை வீசிவிட்டு ஓடுபவரையும், தோளில் மண்வெட்டியோடு நிற்கும் உழவரையும் வேறுபடுத்தும் இயந்திரம் இருந்தால்தான் அந்த வாதம் நிற்கும். உயிர்மேல் முடிவெடுக்கும் அதிகாரத்தை இயந்திரத்துக்குக் கொடுப்பதே மனித மாண்புக்கு எதிரானது என்று, ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் கிறிஸ்டோஃப் ஹெய்ன்ஸ் 2013இல் மனித உரிமை மன்றத்தில் எச்சரித்தார்.

களம் காத்திருக்கவில்லை. இஸ்ரேலின் ஹார்ப்பி, வானில் வட்டமடித்துக்கொண்டே எதிரி ராடாரின் அலையைத் தேடி அதன்மேல் பாய்ந்து வெடிக்கும் வகை. 1990களிலேயே புழக்கத்துக்கு வந்துவிட்டது. லிபியாவில் 2020இல் பின்வாங்கிய படைகளைத் துருக்கியின் கார்கு-2 உள்ளிட்ட ஆயுதங்கள் விரட்டித் தாக்கியதாகவும், இயக்குநருடன் தொடர்பு இல்லாமலே தாக்கும்படி அவை நிரல்படுத்தப்பட்டிருந்ததாகவும் ஐ.நா. வல்லுநர் குழு 2021இல் எழுதியது. எவரேனும் அதில் இறந்தார்களா என்று அறிக்கை சொல்லவில்லை. உக்ரைனில் தன்னியக்கத்தை நோக்கிய மாற்றத்தைத் தூண்டியது எதிரியின் ரேடியோ அலைத்தடுப்பு. இலக்கை நெருங்கும்போது காணொளித் தொடர்பு அறுந்துவிடுவதால், மனிதர் காட்டிய இலக்கைக் கடைசிச் சில நூறு மீட்டர் சிப்பே பின்தொடரும்படி ட்ரோன்கள் செய்யப்படுகின்றன.

காஸாவில் வெளிப்பட்டது வேறு வகை ஆபத்து. இஸ்ரேலிய ராணுவத்தின் ‘லாவெண்டர்’ மென்பொருள் 37,000 பேர் வரை சந்தேகத்துக்குரியவர்களாகக் குறித்ததாகவும், ஒருவர் பெயரைச் சரிபார்க்க அதிகாரிகள் சுமார் 20 வினாடியே செலவிட்டதாகவும், இலக்கு ஆண்தானா என்பதையே பெரும்பாலும் பார்த்ததாகவும், பெயர் சொல்லாத உளவுத்துறையினரை மேற்கோள் காட்டி 2024 ஏப்ரலில் +972 இதழ் எழுதியது. அது தகவல்களை ஒப்பிடும் தரவுத்தளம் மட்டுமே என்று ராணுவம் மறுத்தது. இதழ் எழுதியது சரியென்றால், குண்டு வீசியது விமானிதான் என்பதில் ஆறுதலடைய எதுவும் இல்லை.

கட்டுப்பாட்டு முயற்சி 2014 முதல் ஜெனீவாவில், குறிப்பிட்ட மரபுவழி ஆயுதங்கள் பற்றிய உடன்படிக்கையின் கீழ் நடக்கிறது. அந்த உடன்படிக்கைக்கு நல்ல முன்னுதாரணம் உண்டு: கண்ணைக் குருடாக்கும் லேசர் ஆயுதங்களை, அவை போர்க்களத்தில் பரவும் முன்பே 1995இல் தடைசெய்தது. 2017இல் தொடங்கிய அரசு வல்லுநர் குழுவுக்கு முதலில் தலைமை வகித்தவர் இந்தியத் தூதர் அமன்தீப் சிங் கில். 2019இல் 11 வழிகாட்டு நெறிகள் ஏற்கப்பட்டன. அவை எவரையும் கட்டுப்படுத்தா. அங்கே எதையும் ஒருமித்த கருத்தில்தான் முடிவுசெய்ய முடியும் என்பதால், ஒரே ஒரு நாடு தலையசைக்காவிட்டாலும் வேலை நின்றுவிடும்.

கணிக்க முடியாதபடி நடக்கும் ஆயுதங்களையும் மனிதரைக் குறிவைக்கும் தன்னியக்க ஆயுதங்களையும் தடைசெய்து, மற்றவற்றுக்கு இடமும் நேரமும் வரையறுக்க வேண்டும் என்பது செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு 2021இல் எடுத்த நிலைப்பாடு. 2026க்குள் சட்ட வலிமையுள்ள உடன்படிக்கை வேண்டும் என்று 2023 அக்டோபரில் ஐ.நா. பொதுச்செயலாளர் அந்தோனியோ குத்தேரஸும் அந்தக் குழுவின் தலைவர் மிரியானா ஸ்போல்யாரிச்சும் கூட்டாகக் கேட்டனர். அந்த டிசம்பரில் தன்னியக்க ஆயுதங்கள் பற்றிய ஐ.நா. பொதுச்சபையின் முதல் தீர்மானத்துக்கு 152 நாடுகள் ஆதரவளித்தன; எதிர்த்த நான்கில் ரஷ்யாவோடு இந்தியாவும் இருந்தது. ஜெனீவாவே சரியான அரங்கு, தனி உடன்படிக்கைக்கு இன்னும் காலம் கனியவில்லை என்பது இந்தியாவின் வாதம். 2024 டிசம்பரில் ஆதரவு 166 ஆக உயர்ந்தது.

ஜெனீவா முடங்கினால், ஒட்டாவாவைப் போல விருப்பமுள்ள நாடுகள் வெளியே கூடித் தனி உடன்படிக்கை எழுதலாம். ஆயுதம் செய்யும் வல்லரசுகள் அதில் சேராமல் போகலாம். சேர்ந்தவை நிலைக்கும் என்பதற்கும் உறுதி இல்லை: ரஷ்யாவுக்கு அஞ்சி லிதுவேனியா, லாத்வியா, எஸ்தோனியா, பின்லாந்து, போலந்து ஆகிய ஐந்தும் 2025இல் ஒட்டாவாவிலிருந்தே விலக முடிவெடுத்தன.