சிற்றுருப் படையும் வாட்டலூச் சான்றும்

மேசைமேற் போர் விளையாட்டுக்கென உலோகத்தாலும் பிளாத்திக்காலும் வார்க்கப்படும் சிறு வீரர்க்கு வர்ணந் தீட்டுவோர், வெவ்வேறு ஆக்கியோரின் உருக்களை முதலில் அருகருகே நிறுத்தி ஒப்பிடுவர். 28 மில்லிமீற்றர் என விற்கப்படுவன யாவும் ஓருயரத்தன அல்ல. உள்ளங்காலிலிருந்து கண்வரை அளப்பாரும் உளர், உச்சிவரை அளப்பாரும் உளர். ஓருரு எத்துணைப் பேரைக் குறிக்கும் என்பதையும் முன்னரே துணிதல் வேண்டும். விளையாட்டெனத் தோன்றும் இவ்வினாக்களே ஒருகால் வெலிங்டன் கோமகனையும் வில்லியம் சைபோண் என்னும் படையதிகாரியையும் முரணச் செய்தன.

1815ஆம் ஆண்டு யூன் 18ஆம் நாள் நிகழ்ந்த வாட்டலூப் போரின் மாதிரியுரு ஒன்றை அமைக்குமாறு 1830இல் சைபோண் பணிக்கப்பட்டார். அவர் போர்க்களத்து நடுவிலிருந்த லா ஏ செயின்ற் பண்ணைமனையில் எட்டுத் திங்கள் தங்கி நிலத்தை அளந்தார். பின்னர், போரிற் பங்குகொண்ட அதிகாரிகளுக்குக் கடிதங்கள் விடுத்து, மாலை 7 மணியளவில் அவர்தம் படை எங்கே, எவ்வணியில் நின்றது, நிலத்தில் என்ன பயிர் விளைந்திருந்தது என வினவினார். 1833இல் அரசாங்கம் பணவுதவியை நிறுத்தவே, கடன்பட்டு வேலையைத் தொடர்ந்தார்.

1838இல் இலண்டன் எகிப்திய மண்டபத்தில் அம்மாதிரி காட்சிக்கு வைக்கப்பட்டது. எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட ஈயவுருக்கள் அதில் நின்றன. ஒரு மைல் நிலம் 9 அடியாகச் சுருக்கப்பட்டிருந்தது. அக்கணக்கின்படி ஒரு மனிதனின் உயரம் 3 மில்லிமீற்றரேயாகும். ஆயின் உருக்களோ சுமார் 10 மில்லிமீற்றர். அதனாலேயே ஓருரு இருவரைக் குறிப்பதாயிற்று. இத்துணைச் சிறிய உருவில் முகமேது? அங்கியின் நிறமும் நிற்குமிடமுமே அதன் மொழி. ஆங்கிலக் காலாட்படை செந்நிறம். பிரெஞ்சுப் படையும் பிரசியப் படையும் நீலம். ஆகவே நீலத்துள் எது நண்பர், எது பகைவர் என்பதை நிலையைக்கொண்டே காண்போர் உணர்தல் கூடும்.

இடர் இங்கேதான் எழுந்தது. நெப்போலியனின் காவற்படை இறுதியாகத் தாக்கிய அவ்வேளையிற் களத்தின் கிழக்கே பிரசியர் பெருந்தொகையாய் நிற்பதைச் சைபோண் காட்டியிருந்தார். பிரசியர் உதவியை வெலிங்டன் மறுத்தாரல்லர். மறுநாள் எழுதிய அறிக்கையிலேயே அதனைப் பாராட்டியுள்ளார். எப்பொழுது, எத்துணைப் பேர் என்பதே வழக்கு. வரலாறு எழுதுவோன் ‘மாலையிற் பிரசியரும் வந்து சேர்ந்தனர்’ என்று ஒரு வாக்கியத்தால் இதனைக் கடந்துவிடலாம். ஈயவுருவை நிறுத்துவோனுக்கு அவ்வசதி இல்லை. ஒரு மணியைக் குறித்து, ஓரிடத்தைத் தெரிந்து, அங்கே அதனை ஒட்டியாகவேண்டும். பத்தடி தூரத்தில் நிற்பவனும் யாருடைய வெற்றி என்பதை ஒரு நோக்கிற் கண்டுகொள்வான். வெலிங்டனுக்கும் அவரைச் சார்ந்தோர்க்கும் அக்காட்சி உவப்பாயிருக்கவில்லை.

பின்னர்ச் சைபோண் தம் கருத்தை மாற்றிப் பிரசிய உருக்களுட் பலவற்றை அகற்றினார். சான்றின் வலியாலா, மேலோரின் அழுத்தத்தாலா என்பது இன்றும் ஆராய்ச்சியாளரிடைப் பூசலாகவே உள்ளது. கடிதம் எழுதிய ஆங்கில அதிகாரிகளுட் பலர் புகை சூழ்ந்த மேட்டில் தத்தம் அணிக்கு முன்னால் நிகழ்ந்ததையே கண்டவர். கிழக்குப் புறத்தைப் பற்றி அவர் கூற்றை எவ்வளவு நம்பலாம்? முதலில் நிறுத்திய நிலையே உண்மைக்கு அண்மையது என்பது எம் துணிபு.

ஏறத்தாழ இலட்சம் பேர் கட்டணங் கொடுத்துக் கண்டும் சைபோணின் கடன் தீரவில்லை. 1844இல் வேறொரு மாதிரியையும் அப்போரின் விரிவான வரலாற்று நூலையும் வெளியிட்ட அவர், 1849இற் காலமானார். முதல் மாதிரி இலண்டன் செல்சியிலுள்ள தேசியப் படை நூதனசாலைக்கு உரியது. பிரசியர் குறைக்கப்பட்ட அந்நிலையிலேயே அது இன்றும் உள்ளது.