அவசர சிகிச்சைப் பிரிவு நெரிசல்

மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறவர்களைக் கவனிக்க அங்குள்ள இடமும் ஆட்களும் போதாமல், சிகிச்சை தாமதமாகும் நிலையே அவசர சிகிச்சைப் பிரிவு நெரிசல். கூட்டம் முன்வாசலில் தெரிவதால் காரணமும் அங்கேதான் என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. சளி, சிறுகாயம் என்று வருகிறவர்களை வேறிடம் அனுப்பினால் போதும் என்ற எண்ணம் இன்றும் பரவலாக உண்டு. கடந்த இருபது ஆண்டுகளின் ஆய்வுகள் காட்டுவது வேறு. நெரிசலின் முதன்மைக் காரணம், உள்நோயாளியாகச் சேர்க்க முடிவெடுத்த பிறகும் வார்டில் படுக்கை கிடைக்காமல் அவசரப் பிரிவிலேயே கிடத்தப்படும் நோயாளிகள். 2003இல் அமெரிக்க ஆய்வாளர் பிரென்ட் ஆஸ்ப்ளினும் குழுவினரும் நெரிசலை வருகை, உள்ளே நடக்கும் பணி, வெளியேற்றம் என்று மூன்றாகப் பிரித்தார்கள். எந்தக் கட்டத்தில் அடைப்பு என்று அளந்து பார்க்க அந்தப் பகுப்பு வழி செய்தது.

சிறு உபாதைக்காரர்கள் மீதான பழி அந்த அளவீட்டில் நிற்கவில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் மைக்கேல் ஷல் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, எட்டு மணி நேரத்தில் இப்படிப்பட்டவர்கள் பத்துப் பேர் கூடுதலாக வந்தால், மற்ற நோயாளிகள் அவசரப் பிரிவில் தங்கும் நேரம் சராசரியாக 5.4 நிமிடம்தான் கூடுகிறது. காரணம் எளிது. சிறுகாயத்துக்கு வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து, கட்டுப் போட்டுக்கொண்டு போய்விடுகிறார். வார்டுக்குக் காத்திருப்பவரோ ஒரு படுக்கையையும் ஆக்சிஜன் இணைப்பையும் செவிலியரின் கவனத்தையும் இரவு முழுக்க எடுத்துக்கொள்கிறார். அடுத்து ஆம்புலன்ஸில் வரும் மாரடைப்பு நோயாளிக்கு வேண்டியவையும் இவையேதான்.

இந்தக் காத்திருப்பு உயிரைப் பறிக்கிறது. இங்கிலாந்தில் அவசரப் பிரிவு வழியாகச் சேர்க்கப்பட்ட ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்து 2022இல் வெளியான ஆய்வில், வந்து ஐந்து மணி நேரம் கடந்தது முதல் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு படிப்படியாக ஏறியது. வார்டுக்குப் போக ஆறிலிருந்து எட்டு மணி நேரம் வரை தாமதமானவர்களில் 82 பேருக்கு ஒருவர் வீதம் கூடுதலாக இறந்தார்கள். நோய் முற்றியவர்களே அதிக நேரம் காத்திருந்திருக்கலாம், இறப்புக்குக் காரணம் நோய்தானே தவிரத் தாமதம் அல்ல என்று ஒரு மறுப்பு எழும். அது நியாயமான மறுப்பு. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் காக்கவைத்துச் சோதிக்கவும் முடியாது. ஆனால் ஆஸ்திரேலியாவின் கான்பராவில் ட்ரூ ரிச்சர்ட்சன் 2006இல் வெளியிட்ட ஆய்வு தனித்தனி ஆட்களின் காத்திருப்பைப் பார்க்கவில்லை. நெரிசலான பணிநேரங்களை, அதே கிழமையிலும் பருவத்திலும் நெரிசலில்லாத பணிநேரங்களோடு ஒப்பிட்டது. நெரிசலில் வந்தவர்கள் பத்து நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு சுமார் 34 சதவீதம் அதிகம். மறுப்பு முற்றிலும் தீர்ந்துவிடவில்லை என்றாலும் அதன் வலு பெரிதும் குறைந்துவிட்டது. பிரான்சில் 2022 டிசம்பரில் 97 அவசரப் பிரிவுகளில் நடந்த ஆய்வு முதியோரின் நிலையைக் காட்டியது. எழுபத்தைந்து வயதைக் கடந்தவர்களில், அவசரப் பிரிவிலேயே இரவைக் கழித்தவர்களில் 15.7 சதவீதம் பேர் மருத்துவமனையில் இறந்தார்கள். நள்ளிரவுக்கு முன் வார்டுக்குப் போனவர்களில் 11.1 சதவீதம் பேர்.

அப்படியானால் கெடு விதித்தால் போதுமா? இங்கிலாந்து 2004இல், வருகிறவர்களில் 98 சதவீதம் பேர் நான்கு மணி நேரத்துக்குள் அவசரப் பிரிவைவிட்டு வெளியேற வேண்டும் என்று இலக்கு வைத்தது. 2010இல் அது 95 சதவீதமாகத் தளர்த்தப்பட்டது. நான்கு மணி நேரம் முடியும் தறுவாயில் வெளியேற்றங்கள் திடீரென்று குவிந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். எண்ணுக்காக நோயாளி நகர்த்தப்படுகிறார் என்ற குற்றச்சாட்டு வெறும் ஊகமல்ல. ஆயினும் ஜொனாதன் குரூபரும் உடன் ஆய்வாளர்களும் செய்த பொருளாதார ஆய்வு, இந்த இலக்கால் பாதிக்கப்பட்ட நோயாளிகளிடையே இறப்பு குறைந்ததாகவே கணக்கிட்டது. மேற்கு ஆஸ்திரேலியா 2009இல் இதேபோன்ற விதியைக் கொண்டுவந்த பிறகு, மூன்று பெரிய மருத்துவமனைகளில் இறப்பு விகிதம் 13 சதவீதம் குறைந்தது. கெடு முழு மருத்துவமனையின் பொறுப்பாகும்போது பலன் தருகிறது, அவசரப் பிரிவின் தலையில் மட்டும் கட்டினால் கணக்கு விளையாட்டாகிவிடுகிறது என்பதே இவற்றிலிருந்து நான் எடுக்கும் முடிவு. இங்கிலாந்தில் 95 சதவீத இலக்கு 2015க்குப் பிறகு எட்டப்படவே இல்லை. வார்டுகள் நிரம்பிக் கிடக்கும்போது அவசரப் பிரிவு எவ்வளவு வேகமாக உழைத்தாலும் இலக்கு எட்டாது.

நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் மருத்துவமனையில் பீட்டர் விச்செல்லியோ குழுவினர் சுமையைப் பகிர்ந்தார்கள். அவசரப் பிரிவு நிரம்பியதும், படுக்கைக்குக் காத்திருப்பவர்களில் நிலை சீரானவர்கள் பல வார்டுகளின் தாழ்வாரங்களுக்கு ஒருவர் இருவராக அனுப்பப்பட்டார்கள். ஆபத்தை இடம் மாற்றுவதுதானே இது என்ற கேள்வி உடனே வந்தது. நான்காண்டுப் பதிவுகளில், தாழ்வாரத்துக்குச் சென்றவர்களிடையே இறப்பு கூடவில்லை. அவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட நோயாளிகள் என்பதால் இது தாழ்வாரத்தின் மேன்மைக்குச் சான்றாகாது; தேர்வு சரியாக இருந்தால் தீங்கு நேரவில்லை என்பதற்குச் சான்றாகும். இருபது பேரை ஒரே இடத்தில் குவிப்பதைவிட, வார்டுக்கு ஒருவரை ஏற்பது ஊழியர்களுக்கும் தாங்கக்கூடியது. மருத்துவமனைச் செயல்முறை ஆய்வாளர் யூஜின் லிட்வாக் இன்னும் ஆழமான இடத்தைத் தொட்டார். விபத்தும் மாரடைப்பும் எப்போது வரும் என்று தெரியாது என்கிறோம். ஆனால் அவசர நோயாளிகளின் அன்றாட எண்ணிக்கை ஓரளவு கணிக்கக்கூடியது. படுக்கைத் தேவையைத் தாறுமாறாக ஏற்றி இறக்குவது, முன்கூட்டித் திட்டமிடும் அறுவை சிகிச்சைகளைச் சில நாட்களிலேயே குவித்துவைக்கும் அட்டவணை. அவற்றை வாரம் முழுக்கப் பரப்புவதற்கும், வீட்டுக்குப் போகத் தயாரானவர்களை வாரக்கடைசியிலும் முற்பகலிலேயே டிஸ்சார்ஜ் செய்வதற்கும் புதுக் கட்டடம் வேண்டியதில்லை. அறுவை மருத்துவர்களும் வார்டுத் தலைவர்களும் தங்கள் வழக்கத்தை மாற்றிக்கொள்ள இசைய வேண்டும். அவசரப் பிரிவின் தலைமைக்கு அவர்களை இசையவைக்கும் அதிகாரம் இல்லை. அது மருத்துவமனை நிர்வாகத்திடம் இருக்கிறது.