புகாரெஸ்ட் காத்திருந்த குரல்

1977 நவம்பர் 18. பாரிஸில் வாழ்ந்த ருமேனியரான மோனிகா லொவினெஸ்குவை அவர் வீட்டு வாசலில் வழிமறித்துத் தலையில் அடித்தார்கள். நினைவிழந்தவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் அவருடைய 54ஆவது பிறந்தநாள். அடுத்த ஆண்டு அமெரிக்காவிடம் தஞ்சம் புகுந்த ருமேனிய உளவுத்துறைத் தளபதி பசெபா, அடிக்கச் சொன்னவர் அதிபர் சௌஷெஸ்குவே என்று பின்னர் எழுதினார். அந்தப் பெண் இனிப் பேசவும் கூடாது, எழுதவும் கூடாது என்பதுதான் உத்தரவு.

இத்தனைக்கும் மோனிகா செய்தது இலக்கிய விமர்சனம்!

அவருடைய தந்தை யூஜென் லொவினெஸ்கு ருமேனியாவின் பெரும் விமர்சகர், 1943இல் காலமானார். 1947இல் பிரெஞ்சு அரசின் உதவித்தொகையில் பாரிஸ் போன மகள், அந்த ஆண்டுக் கடைசியில் கம்யூனிஸ்டுகளின் நெருக்கடியால் மன்னர் மிஹாய் முடிதுறக்க நேர்ந்ததும் அங்கேயே தங்கிவிட்டார். பிரெஞ்சு ஆசிரியையான தாய் எக்கடெரினா புகாரெஸ்டில் தனியாக இருந்தார். 1958இல், எழுபது வயதைக் கடந்த அந்தத் தாயைக் கைது செய்தது செக்யூரிடாட்டே என்னும் ரகசியப் போலீஸ். மகளைத் தங்கள் வழிக்குக் கொண்டுவந்தால் விடுதலை என்றார்கள். தாய் இணங்கவில்லை. நோயுற்றவருக்குச் சிகிச்சையும் மறுக்கப்பட்டது. 1960 ஜூனில் சிறையிலேயே இறந்தார்.

அதற்குப் பிறகும் மோனிகா வாயை மூடவில்லை. 1962 முதல், கம்யூனிஸ்ட் நாடுகளுக்கு வெளியிலிருந்து ஒலிபரப்பிய ‘சுதந்திர ஐரோப்பா’ வானொலியில் வாராவாரம் பேசினார். தணிக்கையைத் தாண்டி வந்த நூல்களைப் படித்து, எது இலக்கியம், எது ஆட்சிக்குப் பாடிய துதி என்று பெயர் சொல்லிப் பிரித்தார். எழுத்தின் அழகை எழுதியவரின் நேர்மையிலிருந்து அவர் தனியே எடுத்துப் பார்த்ததில்லை. ருமேனியாவில் மக்கள் கதவைச் சாத்திக்கொண்டு, ஒலியைத் தாழ்த்திவைத்துக் கேட்டார்கள். தங்கள் புத்தகத்தைப் பற்றி அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எழுத்தாளர்களும் காத்திருந்தார்கள். 1977இல் மனித உரிமைக்காகக் குரல் எழுப்பிய நாவலாசிரியர் பால் கோமாவுக்கு அந்த ஒலிபரப்பே பெரிய துணை.

பாதுகாப்பான தூரத்தில் இருந்துகொண்டு தீர்ப்புச் சொன்னார் என்று அவர்மீது ஒரு குறை உண்டு. தாயைச் சிறைக்குப் பறிகொடுத்தவரிடம், சொந்த வாசலிலேயே அடிபட்டு விழுந்தவரிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது?

உடல் தேறியதும் மீண்டும் ஒலிபரப்புக்குத் திரும்பினார். 1989இல் ஆட்சி கவிழ்ந்த பின், அந்த உரைகள் ‘சிற்றலைகள்’ என்ற தலைப்பில் புகாரெஸ்டிலேயே அச்சாயின. 2008இல் மோனிகா பாரிஸில் காலமானார். தாய் அவருக்கு எழுதிய கடிதங்களும் இன்று ருமேனிய மொழியில் நூலாகக் கிடைக்கின்றன.