மெசேஜ் புரோக்கரும் எழுத்துக் குறிமுறையும்: ஊவாத் தோட்டப் பெயர்களை முன்வைத்து ஒரு வரலாற்று ஆய்வு

ஒரு செயலி அனுப்பும் செய்தியை வாங்கி வைத்து இன்னொன்றிடம் சேர்க்கும் மெசேஜ் புரோக்கர் மென்பொருளை நிறுவுவோர் முதலில் பார்ப்பது பொருத்த அட்டவணையை. எந்த இயங்குதளம், எந்த ஜாவாப் பதிப்பு, எந்தத் தரவுத்தளம் என்று மூன்று கேள்விகளுக்கு அது விடை சொல்லும். எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் எழுத்துக் குறிமுறை என்ற நான்காவது கேள்வியும் அதில் இடம்பெற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். சான்றுக்கு வெளிநாடு போகத் தேவையில்லை. நம் இலங்கையிலேயே உருவான ஒரு புரோக்கரின் வரலாறு போதும்.

2005இல் சஞ்சீவ வீரவரணவும் போல் ஃபிரிமான்டிலும் முன்னின்று தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம், அப்பாச்சி கியூபிட் என்ற திறமூல மென்பொருளை அடித்தளமாகக் கொண்டு தன் மெசேஜ் புரோக்கரை உருவாக்கியது. இரண்டாம் தலைமுறைப் பதிப்புகளில் செய்திகள் கசாண்ட்ரா தரவுத்தளத்தில் சேமிக்கப்பட்டன. கசாண்ட்ராவின் உரைத் தரவு எப்போதும் யுடிஎஃப்-8 குறிமுறையில் இருப்பது. ஆகவே அந்தக் கிடங்கில் தமிழுக்கு இடமுண்டா என்ற கேள்வியே எழவில்லை. 2015இல் வந்த 3.0 பதிப்பு மைஎஸ்கியூஎல், ஒராக்கிள், எஸ்கியூஎல் சர்வர் போன்ற உறவுநிலைத் தரவுத்தளங்களுக்கு மாறியது. பல நிறுவனங்களில் ஏற்கெனவே பழகிய தரவுத்தளங்கள் அவை என்பதால் நிர்வகிப்பது எளிதாயிற்று. ஆனால் அவற்றின் பழைய வரம்புகளும் சேர்ந்தே வந்தன.

அவ்வரம்புகளுள் சில உண்மையிலேயே இயங்குதளத்தைச் சார்ந்தவை. மைஎஸ்கியூஎல் அட்டவணைகள் கோப்புகளாகச் சேமிக்கப்படுவதால், லினக்ஸில் அட்டவணைப் பெயரின் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. விண்டோஸில் இரண்டும் ஒன்றே. விண்டோஸில் ஓடிய மென்பொருள் லினக்ஸில் 'அட்டவணை இல்லை' என்று நின்றுபோவது இதனால்தான்.

இன்னொரு வரம்பு இயங்குதளத்தைச் சார்ந்ததுபோலத் தோன்றினாலும் அப்படியல்ல. மைஎஸ்கியூஎல் 5.6இல், இன்னோடிபி இயந்திரத்தின் இயல்பு அமைப்பில், சுட்டியிடப்படும் ஓர் அட்டவணை நிரல் 767 பைட்டுக்கு மேல் போக முடியாது. 512 எழுத்துக்கு இடம்விட்ட நிரல் லத்தீன்1 குறிமுறையில் 512 பைட். அதே நிரல் மைஎஸ்கியூஎல்லின் மூன்று பைட் யுடிஎஃப்-8இல் 1536 பைட். எல்லை தாண்டியதும் பிழை வரும். இதைத் தவிர்க்க, விண்டோஸில் தரவுத்தளம் உருவாக்குவோர் லத்தீன்1 என்று குறிப்பிட வேண்டும் என டபிள்யூஎஸ்ஓ2 ஆவணங்கள் அறிவுறுத்தின. பிழை நின்றது. ஆனால் 767 என்ற எல்லை விண்டோஸுக்கு மட்டும் உரியதன்று. லினக்ஸிலும் அதே எல்லைதான். தரவுத்தளப் பதிப்பும் குறிமுறையும் சேர்ந்து உண்டாக்கிய சிக்கல், இயங்குதளத் தலைப்பின் கீழ் எழுதப்பட்டது. அதனால் அதன் மொழி விளைவு கண்ணில் படாமலே போனது.

லத்தீன்1 ஓர் எழுத்துக்கு ஒரு பைட் தருவது. அதில் தமிழுக்கும் சிங்களத்துக்கும் இடமில்லை. யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். 'பதுளை' என்ற பெயர் ஐந்து குறிகளாக, 15 பைட்டில் அமையும். லத்தீன்1 நிரலில் அதை எழுதினால், கண்டிப்பு முறை இயங்கும் சர்வர் மறுத்துவிடும். இயங்காத சர்வர் ஐந்து கேள்விக்குறிகளை எழுதிவிட்டு வெறும் எச்சரிக்கையோடு நகர்ந்துவிடும். இரண்டாவதுதான் ஆபத்தானது.

சேதத்தை மிகைப்படுத்தவும் கூடாது. இந்தப் புரோக்கர் செய்தியின் உள்ளடக்கத்தை இரும வடிவில் துண்டு துண்டாகச் சேமித்ததால், செய்திக்குள் இருந்த தமிழ் அப்படியே மறுமுனை சேர்ந்தது. அது பேசிய ஏஎம்கியூபி 0-9-1 நெறிமுறையின் குறுஞ்சர வடிவமும் 255 பைட் வரை யுடிஎஃப்-8 எழுத்துகளைத் தாங்கும். அதாவது 85 தமிழ்க் குறிகள். நெறிமுறையின் சரங்களும் செய்தியுடலும் தமிழைத் தாங்கின. செய்தி வரிசைகளின் பெயர்களை எழுதும் லத்தீன்1 அட்டவணை தடுத்தது.

பெயர் என்பது மலையகத்தில் சிறிய விடயமன்று. பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் எழுதப்பட்ட பெயரால் ஊழியர் சேமலாப நிதியைப் பெற அலைந்தவர்களை ஊவாவின் லயங்களில் எவரும் அறிவர். அங்குள்ள பண்டாரவளை, ஹாலி-எல, அப்புத்தளை உள்ளிட்ட பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இல் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டதும் தமிழிலும் நிர்வாகம் நடக்க வேண்டிய தேவையின் பின்னணியில்தான். இனி ஒரு சூழலை எண்ணிப் பார்ப்போம். தேயிலை மலையில் கொழுந்து நிறுக்கும் இலத்திரனியல் தராசு, தொழிலாளியின் பெயரையும் நிறையையும் செய்தியாக அனுப்புகிறது. சிக்னல் இல்லாத வேளையில் புரோக்கர் அதை வைத்திருந்து, பிறகு தோட்ட அலுவலகத்தின் செக்ரோல் என்னும் நாட்கூலிக் கணக்குக்குச் சேர்க்கிறது. பெயர் வழியில் சிதையவில்லை. ஆனால் செக்ரோல் தரவுத்தளத்தை உருவாக்கியவர், புரோக்கருக்குச் சொன்ன கட்டளையையே நகலெடுத்து அதற்கும் லத்தீன்1 கொடுத்திருந்தால், அரைநாள் கூலியான அரைப்பேரா, முழுநாள் கூலியான முழுப்பேரா என்ற கணக்கு சரியாக விழும். யாருடைய பேர் என்பது கேள்விக்குறிகளாக விழும்.

767 பைட் என்ற தடை நெடுநாள் நீடிக்கவில்லை. 2015இல் வெளிவந்த மைஎஸ்கியூஎல் 5.7 சுட்டி எல்லையை 3072 பைட்டாக உயர்த்தியதோடு கண்டிப்பு முறையையும் இயல்பாக்கியது. 2018இன் 8.0 பதிப்பில் நான்கு பைட் யுடிஎஃப்-8 இயல்புக் குறிமுறையாயிற்று. இதற்கிடையில் 2017இல் டபிள்யூஎஸ்ஓ2 தன் புரோக்கரை எண்டர்பிரைஸ் இன்டகிரேட்டர் தொகுப்புக்குள் இணைத்தது. ஆயினும் இயல்புக் குறிமுறை மாறுவதால் பழைய அட்டவணைகள் தாமாக மாறுவதில்லை. பழைய கட்டளையால் உருவான ஒவ்வொரு அட்டவணையையும் தேடிக் குறிமுறையை மாற்ற வேண்டும். ஏற்கெனவே கேள்விக்குறியாகப் பதிந்த பெயர்களை எந்த மாற்றக் கட்டளையும் மீட்காது, காகிதச் செக்ரோலைப் பார்த்துத் திரும்ப எழுதத்தான் வேண்டும்.